3.73 என்று வாங்கினேன், 3.55 தான் இருக்கிறது: கிரவுன் பினியன், எல்எஸ்டி குழப்பம்

சேற்றுவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். பழைய பிக்கப் ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. வி8 பெட்ரோல், நாலு கியர் ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. "பின்னாடி 3.73, எல்எஸ்டி வேற இருக்கு" என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். அதாவது பின் ஆக்ஸிலின் கியர் ரேஷியோ 3.73, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலும் (எல்எஸ்டி) உண்டு என்று. வாங்கும்போதே 35 அங்குல டயர் போட்டிருந்தது. கம்பெனி கொடுத்த அளவு 32.

இரண்டு தொல்லை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேடு ஏறினால் டாப் கியரில் நிற்கவே மாட்டேன் என்கிறது. மூன்றுக்கு விழும், கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி நாலுக்குப் போகும், மறுபடி விழும். இன்னொன்று, ஈரப் புல்லில் வலது பின் சக்கரம் மட்டும் சும்மா சுற்றுகிறது. இடது சக்கரம் வேடிக்கை பார்க்கிறது.

4.56 கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி) போட்டு, கூடவே ஒரு லாக்கரும் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது) மாட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா?

பட்டறைவாசி:
தம்பி, விற்றவர் வாயை நம்பி கிரவுன் பினியன் வாங்கிடாதீங்க. முதல்ல உள்ள என்ன இருக்குன்னு எண்ணிப் பாருங்க, காசு செலவில்லை.

சமதரையில நிறுத்துங்க. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு ஓட்டத்தைப் பிரிக்கிற பெட்டி) ரெண்டு சக்கர ஓட்டத்துல இருக்கணும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்டு வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை நீட்டாதீங்க. கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால அதை விட்டாத்தான் சக்கரம் சுத்தும். கட்டையை நான் ரெண்டு தடவை சொல்றது அதுக்குத்தான்.

இப்ப பின் ஆக்ஸிலுக்கு ஓட்டம் கொண்டு போற புரொபெல்லர் ஷாஃப்ட்ல சாக்பீஸால ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு. தூக்கின சக்கரத்தை 20 சுத்து சுத்துங்க. கூட ஒருத்தர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணட்டும். வர்ற எண்ணை 10-ஆல வகுத்தா அதுதான் உங்க ரேஷியோ. ஒரு சக்கரம் தரையில நிக்கிறதால, இந்தச் சக்கரம் ரெண்டு சுத்து போனாத்தான் கிரவுன் ஒரு சுத்து போகும். அதனாலதான் 20, 10 இல்லை.

சக்கரம் கையால அசையவே மாட்டேங்குதுன்னா எல்எஸ்டி உயிரோட இருக்குன்னு அர்த்தம். அப்ப ரெண்டு பின் சக்கரத்தையும் தூக்கி, ரெண்டையும் சேர்த்து 10 சுத்து சுத்தி எண்ணுங்க.

இன்னொரு விஷயம், இதை எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது. எல்எஸ்டி இருக்கிற வண்டியில ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வச்சுக்கிட்டு எஞ்சினை ஓட்டி கியர் போட்டுடாதீங்க. தரையில இருக்கிற சக்கரம் வண்டியை ஜாக்கியை விட்டுத் தள்ளிக்கிட்டுப் போயிடும்.

இழுவைமாடு:
எண்ணுவது இருக்கட்டும். டிரெய்லர் இழுக்கிறவனுக்கு 4.10-க்குக் கீழே எதுவும் வண்டியே இல்லை. நான் இதுவரை வைத்திருந்த மூன்று பிக்கப்பும் 4.10 தான். ஹை ரேஷியோ போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்றாம்கியர்:
முதலில் ஒரு வேண்டுகோள். "ஹை ரேஷியோ", "லோ ரேஷியோ" என்று எழுதாதீர்கள். பாதிப் பேர் 4.10-ஐ ஹை என்கிறார்கள், எண் பெரிது என்பதால். மீதிப் பேர் அதையே லோ என்கிறார்கள், லோ கியர் போல இழுப்பதால். இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே பத்துப் பதிவுக்குச் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். "எண் பெரியது", "எண் சிறியது" என்று எழுதினால் தலைவலி மிச்சம்.

அந்த எண் கிரவுனின் பல்லைப் பினியனின் பல்லால் வகுத்தால் கிடைப்பது, அவ்வளவுதான். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. 39-ஐ 11-ஆல் வகுத்தால் 3.55. 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10. ஏன் அழகாக 40-க்கு 10 என்று வைத்து 4.00 ஆக்கவில்லை? அப்படி வைத்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே நாலு பற்களையே ஆயுள் முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் அது எதிரே அதே இடத்தில் பள்ளம் பறிக்கும். இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி இல்லாமல் வைத்தால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கும், தேய்மானம் பரவும்.

இனி டயர். 32 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.55 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 653 சுற்று. 35 அங்குலத்துக்கு 2.79 மீட்டர், 597 சுற்று. (பாரம் ஏறினால் டயர் சற்று அமுங்கும். நிஜத்தில் இதைவிட 2, 3 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்.) ஓவர்டிரைவ் (டாப் கியர்) 0.70 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று (ஆர்பிஎம்):

3.73, 32 அங்குலம்: 1705 ஆர்பிஎம்
3.73, 35 அங்குலம்: 1558 ஆர்பிஎம்
4.10, 35 அங்குலம்: 1713 ஆர்பிஎம்

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒப்பிடுங்கள். பெரிய டயர் தின்றதை 4.10 அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. சேற்றுவண்டி, உங்களிடம் உண்மையிலேயே 3.73 இருந்தால், பழைய நிலைக்குத் திரும்ப 4.10 போதும். 4.56 என்றால் 1900-ஐத் தாண்டும்.

இழுவைமாடு:
பார்த்தீர்களா, சுற்றி வளைத்து 4.10-க்கே வந்தாயிற்று. :)

பினியன்பித்தன்:
இழுவைமாடு அண்ணே, இந்த வண்டிக்குச் சரியாக இருக்கலாம். எல்லா வண்டிக்கும் 4.10 என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆக்ஸில் எண் தனியாக எதையும் சொல்லாது. கியர்பாக்ஸோடு பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பழைய நாலு கியர் பெட்டி ஒன்றில் முதல் கியர் 2.84. 4.10 ஆக்ஸிலோடு பெருக்கினால் 11.6. ஃபோர்டும் ஜிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய 10 கியர் பெட்டியில் முதல் கியர் 4.70. அதற்கு வெறும் 3.31 ஆக்ஸில் கொடுத்தாலே 15.6 வருகிறது. நீங்கள் "வண்டியே இல்லை" என்று ஒதுக்கும் ஆக்ஸில், புறப்படும்போது உங்கள் பழைய 4.10-ஐ விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருக்கிக் கொடுக்கிறது. மேல் முனையில் அதன் பத்தாவது கியர் 0.64. நெடுஞ்சாலையில் எஞ்சின் சத்தமே கேட்காது.

நாலு கியர் காலத்தில் ஒவ்வொரு கியருக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. அதனால் ஆக்ஸில் தேர்வு வாழ்வா சாவா என்ற விஷயம். எட்டு, பத்து கியர் வந்த பிறகு கியர்பாக்ஸே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அதற்காக ஆக்ஸில் எண் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ் உள்ள வண்டியிலும் எண் பெரிய ஆக்ஸிலுக்குக் கம்பெனி கூடுதல் இழுவை எடை கொடுப்பது இன்றைக்கும் வழக்கம்தான். பழைய வண்டியின் அனுபவத்தை எடுத்துப் புது வண்டிக்கு அளவு சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இழுவைமாடு:
15.6 என்று கணக்கில் வரட்டும் தம்பி. என் வண்டி மூன்றாவது கியரில் பிடித்துக்கொண்டு ஒரே சீராக மேடு ஏறும். உங்கள் பத்து கியர் ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு என்று தாயம் ஆடிக்கொண்டிருக்கும்.

பினியன்பித்தன்:
டோ-ஹால் பொத்தானை (பாரம் இழுக்கும்போது கியர் அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்வது) அமுக்கினால் ஆடாது, அண்ணே.

சேற்றுவண்டி:
எண்ணிவிட்டேன். 20 சுற்று. சக்கரத்தை நான் சுற்ற, என் மகள் கீழே உட்கார்ந்து ஷாஃப்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சத்தமாக எண்ணினாள். முதல் முறை 35 தாண்டி அரைச் சுற்று வந்தது. நம்பாமல் இன்னொரு முறை செய்தோம். அதே 35 சொச்சம்.

ஆக 3.55. விற்றவர் சொன்ன 3.73 இல்லை.

இரண்டு சக்கரத்தையும் தூக்கியும் பார்த்தேன். வலதை முன்னால் சுற்றினால் இடது பின்னால் போகிறது. அப்படியென்றால் எல்எஸ்டியும் பொய்தானே?

மூன்றாம்கியர்:
3.55, 35 அங்குல டயர். 3.55-ஐ 32-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 3.25. உங்கள் வண்டி இப்போது கம்பெனி டயரில் 3.25 ஆக்ஸில் போட்டது போல இழுத்துக்கொண்டிருக்கிறது. 100-இல் டாப் கியரில் 1483 ஆர்பிஎம். டிரெய்லரோடு மேட்டில் அந்தச் சுற்றில் எந்தப் பெட்ரோல் எஞ்சினும் திணறும். கியர் மேலும் கீழும் ஆடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்த ஆட்டத்தைச் சும்மா விடாதீர்கள். எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு எண்ணெய் வழியாக ஓட்டத்தைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் பூட்டு ஒவ்வொரு முறையும் விட்டுப் பிடிக்கிறது. விட்ட நேரத்தில் எண்ணெய் கடைந்து சூடாகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கொல்வது சூடுதான். ஆக்ஸிலைச் சரிசெய்யும் வரை டிரெய்லர் மாட்டினால் ஓவர்டிரைவை அணைத்துவிட்டு மூன்றிலேயே ஓட்டுங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும்.

ஸ்பீடோமீட்டரும் குறைவாகத்தான் காட்டும், யாரும் மாற்றி அமைத்திருக்காவிட்டால். 35-ஐ 32-ஆல் வகுத்தால் 1.094. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 109-இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

பட்டறைவாசி:
எல்எஸ்டி பொய்யின்னு இப்பவே சொல்லிடாதீங்க. எதிர்ப்பக்கம் சுத்துதுன்னா மூணு அர்த்தம் இருக்கு.

ஒண்ணு, நிஜமாவே ஓப்பன் டிஃபரன்ஷியல், அதாவது எல்எஸ்டி இல்லாத சாதாரணது. ரெண்டு, கிளட்ச் பிளேட் எல்எஸ்டி இருந்து, பிளேட் தேஞ்சு செத்துப் போயிருக்கு. மூணு, ஜிஎம் வண்டிகள்ல ஜி80-ன்னு வர்ற ஈட்டன் லாக்கர் மாதிரி சமாசாரம். அது கையால சுத்தினா ஓப்பன் மாதிரியேதான் இருக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தாத்தான் உள்ள இருக்கிற கவர்னர்ங்கிற சுழல் எடை எகிறி லாக் போடும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல லாக் போடவே விடாது. கையால எவ்வளவு வேகமா சுத்தினாலும் அது முழிக்காது.

அதனால ஆக்ஸில் கவர் போல்ட்ல ஏதாவது தகரத் துண்டு தொங்குதான்னு பாருங்க. சில ஆக்ஸில்ல அந்தத் தகரத்துல ரேஷியோவை அடிச்சிருப்பாங்க. நடுவுல புள்ளி இருக்க வேண்டிய இடத்துல "எல்"ன்னு ஆங்கில எழுத்து இருந்தா அது எல்எஸ்டி. "3எல்55" இப்படி. கதவுச் சட்டத்துல ஒட்டின தாள்லயும் ஆக்ஸில் குறியீடு இருக்கும். ஜிஎம் வண்டின்னா தாள்ல ஜியு6 இருந்தா 3.42, ஜிடி4 இருந்தா 3.73, ஜிடி5 இருந்தா 4.10. ஆனா தாள் சொல்றது கம்பெனியை விட்டு வந்த அன்னிக்கு உள்ள இருந்தது. அதுக்கப்புறம் யார் கை வச்சாங்கன்னு தாளுக்குத் தெரியாது.

நெளிவுசுளிவு:
குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். ஓப்பன் டிஃபரன்ஷியல் "வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லா சக்தியையும் அனுப்பிவிடும்" என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். வேறு சிலர் "எப்போதும் சரிபாதி" என்கிறார்கள். எது உண்மை?

மூன்றாம்கியர்:
முறுக்குவிசை எப்போதும் சரிபாதி. குழப்பம் "சக்தி" என்ற சொல்லில் இருக்கிறது.

வலது சக்கரம் ஈரப் புல்லில் நிற்கிறது, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது, வழுக்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் டிஃபரன்ஷியல் இடதுக்கும் அதே 100 தான் கொடுக்கும். மொத்தம் 200. இடது சக்கரம் கெட்டித் தரையில் நின்று 1000 தாங்கத் தயாராக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது 100 தான். பலவீனமான பக்கம் எவ்வளவு தாங்குமோ அதுதான் இரண்டு பக்கத்துக்கும் படி. சுற்றுவது வலது மட்டும் என்பதால் எஞ்சினின் சக்தி முழுக்க அந்தப் பக்கம் வீணாகிறது. வீடியோக்காரர் சொல்வது அதை.

கிளட்ச் பிளேட் எல்எஸ்டியில் பிளேட்டுகளின் உராய்வு வேகமாகச் சுற்றும் பக்கத்திலிருந்து மெதுவான பக்கத்துக்குக் கொஞ்சம் முறுக்கைக் கடத்தும். பிளேட்டுகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே இருக்கும் சைடு கியர்கள் வெளிப்பக்கமாகத் தள்ளி இன்னும் இறுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் ஸ்பிரிங் அழுத்தம் இருப்பதால் கொஞ்சமாவது இழுவை மிஞ்சும்.

டார்சன் மாதிரி பல்சக்கர எல்எஸ்டி வேறு இனம். வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற வேலை. பிளேட் இல்லை, பல்லின் சாய்வும் உராய்வும்தான். அது பெருக்கிக் கொடுக்கும். 3 மடங்கு என்றால், வலது 100 தாங்கினால் இடதுக்கு 300, மொத்தம் 400. ஓப்பனை விட இரண்டு பங்கு. ஆனால் வலது சக்கரம் காற்றில் தொங்கினால் பூஜ்யத்தை 3-ஆல் பெருக்கிப் பாருங்கள். அங்கே பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுப்பது ஒரு தந்திரம். பிரேக் தருகிற எதிர்ப்பை அது "பிடிமானம்" என்று நம்பி மறுபக்கத்துக்குப் பெருக்கிக் கொடுக்கும்.

லாக்கர் போட்டால் கணக்கே இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் கட்டியது போல. எந்தப் பக்கம் தாங்குமோ அந்தப் பக்கம் முழுவதும் போகும். திரும்பும்போது டயர் கீச்சிடும், ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். கெட்டித் தரையில் போட்டுவிட்டு மறந்தால் ஆக்ஸில் தண்டு உங்களுக்கு நினைவூட்டும்.

சேற்றுவண்டியின் வலது சக்கரம்தான் எப்போதும் சுற்றுகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. புரொபெல்லர் ஷாஃப்ட் பினியனை முறுக்கும்போது அந்த முறுக்கு முழு ஆக்ஸிலையும் சேர்த்துத் திருகப் பார்க்கும். அதில் வலது பின் சக்கரம் லேசாகி, இடது தரையில் அழுந்தும். நீளமாகக் குறுக்கே ஒரே குழாயாக வரும் பின் ஆக்ஸில் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

நெளிவுசுளிவு:
நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் எல்எஸ்டி இருந்தால் எப்போதும் நல்லதுதானே?

பினியன்பித்தன்:
இல்லை. பனியிலும், பக்கவாட்டில் சரிந்த ஈரச் சாலையிலும் எனக்கு எல்எஸ்டி பிடிக்காது. ஓப்பனில் ஒரு சக்கரம்தான் வழுக்கும். மற்றது உருண்டுகொண்டே வண்டியின் வாலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும். எல்எஸ்டியில் இரண்டும் சேர்ந்து வழுக்கினால் வாலைப் பிடிக்க ஆளே இல்லை. சரிவின் பக்கமாக நழுவிப் போகும். காலியாக ஓடும் பிக்கப்பில் பின்பக்கம் எடையே இல்லாததால் இது இன்னும் மோசம்.

பிரேக் வைத்து வேலை செய்கிற டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிற புது வண்டிகளில், வழுக்குகிற சக்கரத்தை அதுவே பிடித்து மறுபக்கத்துக்கு முறுக்கைத் தள்ளுகிறது. ஓப்பன் டிஃபரன்ஷியலை வைத்தே பாதி வேலை நடந்துவிடும். நீண்ட நேரம் சேற்றில் உழுதால் பிரேக் கொதிக்கும் என்பதுதான் குறை.

சேற்றுவண்டி:
தகரம் கிடைத்தது! கவரின் அடியில் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. உளியால் பெயர்த்தேன், கம்பி பிரஷால் தேய்த்தேன். பட்டறைவாசி அண்ணன் சொன்ன அதே எழுத்து: 3எல்55. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத துரு பிடித்த தகரம். நாலு மாதமாக அங்கேயே தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

சந்தேகம் தீர்க்கக் கவரையும் கழற்றினேன். எண்ணெய் தார் மாதிரி கறுப்பு, வாடையோ மூக்கைத் துளைக்கிறது. கவர் அடியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு விரற்கடை அளவுக்கு அப்பியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாதிரி நைசாக இருக்கிறது, துண்டு துண்டாக எதுவும் இல்லை. கிரவுனின் ஓரத்தில் 39, 11 என்று அடித்திருக்கிறது. பல்லெல்லாம் பளபளப்பாக, சேதமில்லாமல் இருக்கிறது. சைடு கியருக்குப் பின்னால் பிளேட் அடுக்கு தெரிகிறது. நடுவில் இருக்கும் எஸ் வடிவ ஸ்பிரிங் உடையவில்லை.

ஆக எல்எஸ்டி பொய்யில்லை. செத்துப்போயிருக்கிறது.

பட்டறைவாசி:
நல்ல சேதி தம்பி. காந்தத்துல மாவா இருந்தா அது பிளேட்டும் பல்லும் தேஞ்ச தூள், வயசுக்கு அது சகஜம். நறுக்கு நறுக்கா, பல்லு முனை மாதிரி இருந்திருந்தா கதையே வேற.

பிளேட் ஏன் செத்ததுன்னு யோசிங்க. எண்ணெயை மாத்தாமலே ஓட்டியிருப்பாங்க. இல்லைன்னா பின்னாடி ரெண்டு டயரும் ரெண்டு அளவு. ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சதுன்னு போட்டு ஓட்டினா நேர் ரோட்டுல போகும்போதே பிளேட்டு உரசிக்கிட்டே இருக்கும். எல்எஸ்டி வண்டிக்குப் பின் டயர் மாத்தினா ஜோடியா மாத்தணும். இதைப் பல பேர் கேக்கவே மாட்டாங்க.

சேற்றுவண்டி:
ஐயோ. இடது டயரின் பட்டன் வலதை விட நன்றாகவே மேலே இருக்கிறது. பெயர்கூட வேறு வேறு.

பட்டறைவாசி:
அதான்.

இழுவைமாடு:
சரி, ஹவுசிங்கைத் திறந்தாயிற்று. திறந்த கையோடு 4.10 கிரவுன் பினியன் மாற்றிவிடலாமே.

பட்டறைவாசி:
அண்ணே, இது நாலு சக்கர வண்டி. பின்னாடி 4.10 போட்டா முன்னாடியும் போட்டே ஆகணும். முன்னாடி 3.55, பின்னாடி 4.10-ன்னு வச்சு நாலு சக்கரத்துல போட்டா முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் வெடிக்கும். கம்பெனியே முன்னாடி 4.09, பின்னாடி 4.10-ன்னு போட்டிருக்கு, அந்த அளவு சின்ன வித்தியாசம் தாங்கும். 15 சதவீதம் தாங்காது.

கிரவுன் பினியன் மாத்துறதுன்னா போல்ட்டைக் கழட்டி மாட்டுற வேலை இல்லை. பினியன் எவ்வளவு ஆழம் உட்காரணும்னு ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வச்சுப் பாக்கணும். பினியன் பேரிங் இறுக்கத்துக்கு நசுங்குற ஸ்லீவை நசுக்கணும். ஒரு தடவை கூடுதலா நசுக்கிட்டா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல ஆட்டம் பெரும்பாலும் 0.15-ல இருந்து 0.25 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அப்புறம் பல்லுல மஞ்சள் பசை தடவி, சுத்தவிட்டு, பதிவு பல்லு நடுவுல விழுதான்னு பாக்கணும். ஓரத்துல விழுந்தா மறுபடி எல்லாத்தையும் கழட்டி ஷிம் மாத்து. நல்லா கை பழகினவனுக்கே ஒரு ஆக்ஸிலுக்கு ஒரு பகல் போயிடும். சில ஆக்ஸில்ல கேரியரும் (கிரவுன் மாட்டியிருக்கிற கூடு) மாத்தணும். டானா 44-ங்கிற ஆக்ஸில்ல 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92-ல இருந்து வேற கேரியர்.

சரியா செய்யலைன்னா ஆக்ஸிலேட்டரை விட்டா ஒரு ஊளை, மிதிச்சா ஒரு ஊளை. அதைக் கேட்டுக்கிட்டே வாழ்நாள் பூரா ஓட்டலாம்.

மூன்றாம்கியர்:
சேற்றுவண்டி, ஒரு கேள்வி. 35 அங்குலம் உங்களுக்கு எதற்கு? பாறை ஏறுகிறீர்களா?

சேற்றுவண்டி:
இல்லை. அது வண்டியோடு வந்தது. பார்க்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். எப்படியும் பின் டயர் இரண்டும் பொருந்தவில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாம்கியர்:
அப்படியானால் நாலும் 32-ஆக மாற்றுங்கள். 3.55-உம் 32 அங்குலமும் சேர்ந்தால் 100-இல் 1622 ஆர்பிஎம். முதல் கியரில் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 9 சதவீதம் கூடும். பிரேக்கும் நிம்மதியடையும், ஸ்பீடோமீட்டரும் உண்மை பேசும். ஆக்ஸிலில் கை வைக்காமலே 3.25-லிருந்து 3.55-க்குத் தாவிவிட்டீர்கள். டிரெய்லரோடு அதுவும் போதவில்லை என்றால் பிறகு 4.10 பற்றிப் பேசலாம்.

இழுவைமாடு:
போதாது. சொல்லி வைக்கிறேன்.

பட்டறைவாசி:
பிளேட் செட் மாத்தும்போது புது பிளேட்டை எல்எஸ்டி சேர்மானத்துல (பிளேட்டு உராய்வைச் சீராக்க எண்ணெயோட கலக்கறது) ஊறவச்சு மாட்டுங்க. காய்ஞ்ச பிளேட்டை மாட்டாதீங்க. எடுத்த வரிசை மறந்துடும், ஒரு பழைய துணியில வரிசையா அடுக்கி போட்டோ எடுத்துக்குங்க. எண்ணெய் ஜிஎல்-5 தான், அதிக அழுத்தம் தாங்கற கியர் எண்ணெய்த் தரம் அது. கிரவுனோட மையத்துக்குக் கீழ பினியன் உட்கார்ற அமைப்பு இது, பல்லு உருளறதோட வழுக்கவும் செய்யும், சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்துல கிழிஞ்சிடும். எண்ணெய் டப்பாவுல "எல்எஸ்டிக்கு ஏற்றது"ன்னு போட்டிருந்தா சேர்மானம் ஏற்கெனவே கலந்திருக்கும். அதுக்கு மேல நீங்களும் ஒரு பாட்டில் ஊத்தினா பிளேட்டு பிடிக்கவே பிடிக்காது.

சேற்றுவண்டி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். பிளேட் செட் மாற்றியாயிற்று. நாலு டயரும் 32, ஒரே மாதிரி.

இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். வலதை முன்னால் தள்ளினால் இடதும் முன்னால் வருகிறது. மகள் கைதட்டினாள்.

ஆனால் புதுத் தொல்லை. மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் பின்னாலிருந்து "டகடக டகடக" என்று ஒரு நடுக்கம். யாரோ ஆக்ஸிலைச் சுத்தியலால் தட்டுவது போல இருக்கிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. எண்ணெய் சாதாரண ஜிஎல்-5. சேர்மானத்தில் பிளேட்டை ஊறவைத்தேன், எண்ணெயில் தனியாக ஊற்றவில்லை.

பட்டறைவாசி:
பிளேட்டு ஒட்டி ஒட்டி விடுது, அதான் சத்தம். சேர்மானம் பத்தலை. வண்டி கையேட்டுல எத்தனை மில்லி சொல்லியிருக்கோ அதை ஊத்துங்க, அதுக்கு மேல வேண்டாம். ஊத்திட்டு ஒரு காலி மைதானத்துல மெதுவா இங்கிலீஷ் எட்டு போடுங்க. பத்துப் பன்னிரண்டு எட்டு. பிளேட்டுக்கு நடுவுல சேர்மானம் போய் உட்காரணும்.

சேற்றுவண்டி:
பதினோராவது எட்டில் சத்தம் நின்றது. நேற்று டிரெய்லரை மாட்டி அதே மேட்டில் ஏறினேன். அடிவாரத்தில் ஒருமுறை மூன்றுக்கு விழுந்தது, உச்சி வரை மூன்றிலேயே பிடித்துக்கொண்டு ஏறியது. இறக்கத்தில்தான் நாலுக்குப் போனது. ஈரப் புல்லில் இரண்டு கோடு விழுகிறது, முன்பு ஒன்றுதான்.

இழுவைமாடு:
மூன்றுக்கு விழுந்தது இல்லையா. 4.10 என்றால் நாலிலேயே ஏறியிருக்கும்.

மூன்றாம்கியர்:
மூன்றில் விழுந்து அங்கேயே நின்றது, அண்ணே. அவர் கேட்டது அதைத்தான்.

நெளிவுசுளிவு:
நானும் நேற்று 20 சுற்று எண்ணினேன். 37 தாண்டிக் கொஞ்சம் வருகிறது. என் வண்டியின் தாளில் 3.42 என்று இருக்கிறது. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் போல. தனி இழை தொடங்கட்டுமா, இங்கேயே கேட்கலாமா?

பட்டறைவாசி:
இங்கேயே கேளுங்க. முதல்ல அது நாலு சக்கர வண்டியான்னு சொல்லுங்க. ஆமான்னா, முன் ஆக்ஸிலை எண்ணாம நாலு சக்கரத்துல போட்டுடாதீங்க.